ஒரே வாரத்தில் 4 கிலோ குறையுமா? லோ-கார்ப் டயட்டில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?

"சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்தினேன். ஒரே வாரத்துல நாலு கிலோ போயிடுச்சு." இப்படி ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. எடை மெஷினில் எண் உண்மையிலேயே இறங்கியிருக்கும். ஆனால் அந்த நாலு கிலோவில் கொழுப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அது தெரியாமல்தான் பலர் இரண்டாவது மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள். சிலர் இன்னும் கடுமையான டயட்டைத் தேடி ஓடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர்கள் சிலர், யாரிடமும் கேட்காமல் இதைத் தொடங்கி ஆஸ்பத்திரி வரை போய்விடுகிறார்கள்.

கீட்டோ, பேலியோ, அட்கின்ஸ், கார்னிவோர், முட்டை டயட் என்று பெயர்கள் பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மாவுச்சத்தைக் குறைப்பது. அந்த அடிப்படைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அதன் மேல் ஏற்றி விற்கப்படும் வாக்குறுதிகளில் பலவற்றுக்கு இல்லை.

லோ-கார்ப் என்றால் எவ்வளவு 'லோ'?

ஒரே வரையறை கிடையாது. பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே கார்போஹைட்ரேட் சாப்பிட்டால் அது லோ-கார்ப். கீட்டோ என்றால் 20 முதல் 50 கிராம் வரைதான்.

இதை நம் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். நடுத்தர அளவில் நாலு இட்லி சாப்பிட்டாலே 40 கிராமுக்கு மேல் கார்ப் வந்துவிடும். அதாவது கீட்டோவில் இருப்பவரின் ஒரு நாள் கணக்கு காலை எட்டரை மணிக்கே முடிந்துபோகும். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்ப். மதியம் ஒரு தட்டு சோறு, சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று போட்டுக்கொள்பவருக்கு அந்த ஒரு வேளையிலேயே 100 கிராமைத் தாண்டிவிடும்.

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய ஆய்வின் 2025ஆம் ஆண்டு கட்டுரைப்படி, இந்தியர்கள் எடுக்கும் கலோரியில் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது கிட்டத்தட்ட 310 கிராம். 310-லிருந்து 200-க்கு வருவது ஒரு விஷயம். 310-லிருந்து 20-க்குக் குதிப்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் 'கார்ப் கட்' என்ற ஒரே சொல்லால் சொல்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

முதல் வாரத்தில் குறைவது என்ன?

பெரும்பாலும் தண்ணீர்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் 'கிளைகோஜன்' என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஒரு பெரியவரின் உடலில் இது சுமார் அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். கிளைகோஜன் போகும்போது கூடவே தண்ணீரும் போகும். இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றும், அதோடும் தண்ணீர் போகும். இரண்டு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல், ஒரே வாரத்தில் காணாமல் போவது இப்படித்தான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாலு கிலோ கொழுப்பு என்றால் 30,000 கலோரிக்கு மேல். அதை ஏழு நாளில் கரைக்க வேண்டுமென்றால் தினமும் 4,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு நாளில் செலவழிப்பதே 2,000 முதல் 2,500 கலோரிதான். வாயில் எதையுமே போடாமல் பட்டினி கிடந்தாலும் இந்தக் கணக்கு வராது. அதனால் 'ஏழே நாளில் நாலு கிலோ கொழுப்பு கரையும்' என்று யூடியூப் தம்ப்நெயில் சொன்னால், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

முதல் வாரத்தில் தலைவலி, அசதி, எரிச்சல், தலைசுற்றல் வருவதும் இதே காரணத்தால்தான். இதற்கு 'கீட்டோ ஃப்ளூ' என்று பெயர். பெயரில்தான் ஃப்ளூ, கிருமி எதுவும் கிடையாது. உப்பும் நீரும் வெளியேறியதன் விளைவு. மற்ற நோய் இல்லாதவர்களுக்கு உப்பு போட்ட மோரும் சூப்பும் குடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்போ இந்த டயட்டே வேஸ்ட்டா?

இல்லை. தண்ணீர் போன பிறகும் பலருக்கு எடை குறையத்தான் செய்கிறது. காரணம் ரொம்ப சாதாரணம். டீயோடு ரெண்டு பிஸ்கட், சாயங்காலம் பஜ்ஜி, வழியில் ஒரு பரோட்டா, ராத்திரி ஐஸ்க்ரீம், பிறந்தநாள் கேக், கல்யாண வீட்டு ஜாங்கிரி... நாம் பசியில்லாமல் சாப்பிடும் பண்டங்கள் எல்லாமே மாவும் சர்க்கரையும்தான். 'கார்ப் கூடாது' என்ற ஒரே விதி இவை அத்தனையையும் ஒரே அடியில் தூக்கிவிடுகிறது. அந்த இடத்தில் முட்டை, மீன், பனீர் என்று புரதம் கூடும்போது பசியும் சீக்கிரம் அடங்கும். கலோரி எண்ணாமலேயே கலோரி குறைந்துவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

மற்ற டயட்டுகளைவிட இது எவ்வளவு மேல் என்பதைப் பெரிய ஆய்வுகளே சோதித்திருக்கின்றன. இஸ்ரேலில் ஒரு பணியிடத்தில் 322 பேரை மூன்று குழுவாகப் பிரித்து இரண்டு வருடம் கண்காணித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 2.9 கிலோ, மத்தியதரைக்கடல் பாணி உணவு சாப்பிட்டவர்கள் 4.4 கிலோ, லோ-கார்ப் குழு 4.7 கிலோ குறைத்திருந்தார்கள். லோ-கார்ப் முன்னணிதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து 4.7 கிலோ என்பதையும், விளம்பரத்தில் வரும் 'ஒரு மாதத்தில் 10 கிலோ' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 609 பேர், ஒரு வருடம், 2018-இல் முடிவு. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, கார்பைக் குறைத்தவர்கள் 6 கிலோ குறைத்தார்கள். புள்ளியியல்படி இது ஒரு வித்தியாசமே இல்லை. 'உங்க ஜீனுக்கு ஏத்த டயட்' என்று விற்பவர்கள் கவனிக்க வேண்டிய முடிவும் இதில் இருந்தது: எந்த மரபணு அமைப்பு உள்ளவருக்கு எந்த டயட் ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்பதை வைத்தும் சொல்ல முடியவில்லை.

அந்த ஆய்வில் சராசரியைவிட முக்கியமானது அதன் வீச்சு. ஒரே டயட்டில் இருந்தவர்களில் சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், சிலர் ஏழெட்டு கிலோ ஏறினார்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறி நிறைய சாப்பிடுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். உங்கள் நண்பருக்கு 15 கிலோ குறைந்தது என்பது அந்த டயட் உங்களுக்கும் அப்படியே வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் ஆகாது என்பதை இந்த வீச்சு காட்டுகிறது.

160 வருஷப் பழைய சரக்கு

லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து தருவது அவர் தொழில். 92 கிலோவுக்கு உடம்பு பெருத்து, ஷூ லேஸ் கட்டக்கூடச் சிரமப்பட்டவர். அவருடைய மருத்துவர் வில்லியம் ஹார்வி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் போன்றவற்றை நிறுத்தச் சொன்னார். சுமார் ஒரு வருடத்தில் 20 கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்த அனுபவத்தை 1863-இல் சின்ன நூலாகத் தானே அச்சிட்டு வெளியிட்டார். பரபரப்பாக ஓடியது. ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றைக்கும் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

கீட்டோ உருவானது எடை குறைப்பதற்காக அல்ல. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக அதைப் பரிந்துரைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இப்போதும் அது மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. அதன் பிறகு 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ், 2002-இல் பேலியோவைப் பிரபலமாக்கிய லோரன் கார்டெய்ன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு புத்தகம் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் பேலியோ வந்த கதை தனி. பத்து வருடத்துக்கு முன்பு ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகப் பரவி, 'காலையில 100 பாதாம்' என்பது ஊர் முழுக்கத் தெரிந்த வசனமானது. கார்டெய்னின் பேலியோவில் பால் பொருளே கிடையாது. நம்ம ஊர் பேலியோவிலோ பனீர், நெய், வெண்ணெய் எல்லாம் உண்டு. சைவர்களுக்கு வேறு வழியும் இல்லை. உண்மையில் இங்கே பேலியோ என்று சொல்லப்பட்டது கிட்டத்தட்ட கீட்டோதான். ஆதி மனிதன் பனீர் டிக்கா சாப்பிட்டானா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் டயட்டுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று அந்தக் குழுக்கள் வற்புறுத்தியதைப் பாராட்டத்தான் வேண்டும். இன்றைய ரீல்ஸ் நிபுணர்கள் பலர் அதைக்கூடச் சொல்வதில்லை.

அந்த 100 பாதாம் கணக்கையும் பார்த்துவிடலாம். 100 பாதாம் ஏறக்குறைய 120 கிராம் எடை, சுமார் 700 கலோரி. காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் அது ஒரு வேளைச் சாப்பாடு. இட்லியும் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தபடி கொறித்தால் எடை ஏறும். லோ-கார்ப் என்பதால் கலோரி மறைந்துவிடாது.

எது மோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, அந்த டயட் எதை எதிரியாக்குகிறது என்பதை. சர்க்கரை, மைதா, கூல்டிரிங்க்ஸ் ஆகியவற்றைத் தடுத்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் சுண்டலையும் பருப்பையும் கொய்யாவையும் விஷம் என்று சொல்லும் டயட்டைச் சந்தேகப்படலாம். பருப்பில் கார்ப் இருக்கிறது, அது உண்மை. கூடவே புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சைவ வீட்டில் பருப்பை எடுத்துவிட்டால் புரதத்துக்குப் பாலும் பனீரும் மட்டும்தான் மிச்சம். கார்னிவோர் டயட் இந்தப் போக்கின் உச்சம்: கறி, மீன், முட்டை தவிர வேறெதுவும் கிடையாது, காய்கறிகூட இல்லை. நார்ச்சத்து பூஜ்ஜியம். இதைப் பல வருடம் பின்பற்றியவர்களை வைத்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் இல்லாமலேயே அது இத்தனை பிரபலமாகியிருக்கிறது.

முட்டை டயட், ஏழு நாள் ஜிஎம் டயட் போன்றவை வேறு ரகம். ஜிஎம் டயட்டில் ஒரு நாள் முழுக்க வாழைப்பழமும் பாலும்தான். அது லோ-கார்ப்பே இல்லை, ஆனாலும் அதே பட்டியலில் சேர்த்து விற்கப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிதான் இதை உருவாக்கியது என்ற கதைக்கும் ஆதாரம் கிடையாது. இந்த வகை டயட்டுகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எட்டாவது நாள் என்ன சாப்பிடுவது? பெரும்பாலும் பதில் இருக்காது.

அடுத்து, என்ன விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முட்டையும் கீரையும் மீனும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கீட்டோ கம்மி, கீட்டோன் பவுடர், கீட்டோ டீ எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். கீட்டோன் பவுடரைக் குடித்தால் ரத்தத்தில் கீட்டோன் ஏறும், சரி. ஆனால் அது நீங்கள் குடித்த கீட்டோன். உங்கள் தொப்பையிலிருந்து வந்தது அல்ல. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் நிறம் மாறுவதும் கொழுப்பு குறைகிறது என்பதற்குச் சான்று அல்ல. காபியில் வெண்ணெயை உருக்கி ஊற்றிக் குடித்தாலும் கீட்டோசிஸ் வரலாம், எடை மட்டும் அப்படியே நிற்கலாம்.

பாக்கெட்டில் 'கீட்டோ' என்று எழுதிய பிஸ்கட்டும் சாக்லேட்டும் இன்னொரு பொறி. முன்பக்கம் 'நெட் கார்ப் 2 கிராம்' என்று பெரிதாக இருக்கும். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு மொத்தக் கார்ப் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். இனிப்புக்கு எரித்ரிட்டால் சேர்த்திருந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. மால்டிட்டால் சேர்த்திருந்தால் ஏறும், அதிகம் சாப்பிட்டால் வயிறும் கலக்கும். பேரீச்சம்பழம் போட்டுச் செய்த 'நோ ஆடட் சுகர்' லட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. "நான் அரிசியே தொடறதில்லை, சாமையும் தினையும்தான்" என்பவர்கள் லோ-கார்ப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 100 கிராம் பச்சையரிசியில் 78 கிராம் அளவுக்குக் கார்ப் என்றால், சாமையிலும் தினையிலும் 60 முதல் 66 கிராம் வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் சோறு போட்டுக்கொண்ட அதே அளவில் சாமை போட்டுக்கொண்டால் பெரிதாக எதுவும் மாறாது. மேலே சொன்ன 2025 ஆய்வும் இதையே காட்டியது: மொத்தக் கார்ப் அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவுக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் சர்க்கரை நோய் அபாயக் குறைவோடு தொடர்புபடவில்லை.

மாத்திரை போடுபவர்கள் இங்கே நிற்க வேண்டும்

லோ-கார்ப்பால் அதிகம் பயன் பெறக்கூடியவர்கள் டைப்-2 சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

இன்சுலின் ஊசி, கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றின் அளவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கப்பட்டவை. திங்கட்கிழமை காலையில் திடீரென்று சோற்றை நிறுத்திவிட்டு, அதே டோஸை அப்படியே போட்டுக்கொண்டால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கலாம். வியர்வை, படபடப்பு, மயக்கம் வரும். வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றோடு கீட்டோவும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் 'கீட்டோ அசிடோசிஸ்' வரலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதுதான் கொடுமை. மெஷினைப் பார்த்து 'எல்லாம் சரியா இருக்கு' என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். விடாத வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது ஆகியவை இருந்தால், சர்க்கரை எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன மாத்திரை போடுகிறோம், என்ன டயட்டில் இருக்கிறோம் என்ற இரண்டையும் அங்கே சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களுக்கு உப்பும் நீரும் குறைவதால் அழுத்தம் சட்டென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், டைப்-1 சர்க்கரை நோய் உள்ளவர்கள் கீட்டோவைத் தாங்களாக முயற்சிக்கவே கூடாது. யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களுக்குத் தொடக்க வாரங்களில் அது கூடலாம். சிலருக்கு எல்டிஎல் கொலஸ்ட்ரால் வெகுவாக ஏறுகிறது. தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை லிப்பிட் டெஸ்ட் எடுத்தால்தான் அது யாருக்கு என்பது தெரியும்.

சோற்றை எவ்வளவு குறைத்தால் போதும்?

சென்னையில் நடந்த ஒரு பழைய ஆய்வில், மக்கள் எடுக்கும் கலோரியில் ஏறக்குறைய பாதி பாலிஷ் செய்த தானியங்களிலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருவது தெரிந்தது. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 18,090 பேரின் உணவுத் தரவை வைத்து 2022-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வோ, மொத்தக் கார்பை 50 முதல் 55 சதவீதம் வரை இறக்கி, அந்த இடத்தில் புரதத்தைக் கூட்டினாலே சர்க்கரை நோயில் நல்ல மாற்றம் வரலாம் என்று கணக்கிட்டது. 2025 கட்டுரை இன்னும் எளிமையாகச் சொன்னது: கார்பிலிருந்து வரும் கலோரியில் வெறும் 5 சதவீதத்தைப் பருப்பு அல்லது பால் புரதத்துக்கு மாற்றுவதே குறைந்த அபாயத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

தட்டில் இது எப்படி இருக்கும்? நாலு இட்லி ரெண்டாகும், கூட ரெண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வரும். மதியம் சோறு பாதியாகும், பொரியல் ரெண்டு மடங்காகும், மீனோ தயிரோ கெட்டிப் பருப்போ சேரும். சாயங்கால பஜ்ஜிக்குப் பதில் வேர்க்கடலை, டீயில் சர்க்கரை இல்லை. இது கீட்டோ அல்ல, யாரும் இதை வைத்து ரீல்ஸ் போட மாட்டார்கள். முதல் வாரத்தில் நாலு கிலோவும் இறங்காது. மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும்.

கீட்டோவிலேயே இருப்பவர்களும் ஒரு கட்டத்தில் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ சோறு சாப்பிடத்தான் செய்வார்கள். மறுநாள் காலை எடை மெஷின் ஒன்றரை, ரெண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். பயந்துபோய் "எல்லாம் போச்சு" என்று டயட்டையே விட்டுவிடுபவர்கள் அதிகம். முதல் வாரத்தில் வெளியே போன அதே கிளைகோஜனும் தண்ணீரும்தான் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு நாள் சோற்றில் ரெண்டு கிலோ கொழுப்பு சேராது. ஒரு வாரம் கழித்து, அதே நேரத்தில், வெறும் வயிற்றில் மறுபடி ஏறி நின்று பார்த்தால் நிலவரம் தெரியும். இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் இன்னும் நம்பகமாகத் தெரியும்.